எண்பதுகளின் தமிழ்ப் படங்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

உடுமலைப் பக்கம் ஒரு சின்ன ஊர். பேருந்து நிலையத்தை ஒட்டி என் சித்தப்பா கேசட் பதிவுக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்காருவது அங்கேதான். கேசட் அட்டையில் பாட்டு வரிசையை எழுதுவது என் வேலை. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் கிடைத்த வேலை அது.

அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு வீட்டிலும் அலுவலகத்திலும் என்னை எண்பதுகளுக்குப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். அக்கா பிள்ளைகள், மதியச் சாப்பாட்டு மேஜையில் கூட உட்காரும் இளைஞர்கள், மைத்துனர் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் தொல்லை விட்டது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மாமா, 80ஸ் 80ஸ்னு சொல்றீங்களே, கரெக்டா எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும்?

காலண்டர்படி 1980 முதல் 1989 வரை. 'பில்லா', 'முரட்டுக் காளை', 'ஒரு தலை ராகம்' வந்த ஆண்டில் தொடங்கி, 'அபூர்வ சகோதரர்கள்', 'கரகாட்டக்காரன்' வந்த ஆண்டில் முடிகிறது.

ஆனால் இந்தக் கணக்கை யாரும் மதிப்பதில்லை. '16 வயதினிலே' 1977, 'முள்ளும் மலரும்' 1978, 'தளபதி'யும் 'சின்னத்தம்பி'யும் 1991. இவை எல்லாவற்றையும் எண்பதுகள் என்றே சொல்லிக்கொண்டு திரிகிறோம். என் கணக்கைக் கேட்டால், மனசுக்குள் எண்பதுகள் பாரதிராஜா கிராமத்துக்குள் கேமராவைக் கொண்டுபோன 1977-ல் தொடங்கி, 1992-ல் 'ரோஜா' கேசட் கடைக்கு வந்த அன்று முடிகிறது. அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்ட சித்தப்பா, "இது வேற சத்தம்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அப்போ ஹீரோன்னா ரஜினி, கமல் ரெண்டே பேர்தானா?

இல்லவே இல்லை. அந்தப் பத்தாண்டில் கதாநாயகர்களுக்குப் பஞ்சமே கிடையாது. எம்.ஜி.ஆர். 1977-ல் முதலமைச்சராகிப் போய்விட்டார். சிவாஜி வயதுக்கேற்ற வேடங்களுக்கு மாறி, 1985-ல் 'முதல் மரியாதை'யில் எல்லோரையும் வாயடைக்க வைத்தார். இவர்கள் விட்ட இடம் பெரியது. ரஜினி, கமல் இருவர் மட்டும் அதை நிரப்பிவிடவில்லை.

மோகன், விஜயகாந்த், கார்த்திக், பிரபு, சத்யராஜ், பாக்யராஜ், டி.ராஜேந்தர், ராமராஜன், முரளி, அர்ஜுன், சுரேஷ் என்று பட்டியல் நீளும். ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர், ஒரு வயது, ஒரு கூட்டம் இருந்தது. பாக்யராஜ் படத்துக்குக் குடும்பத்தோடு போவார்கள். டி.ராஜேந்தர் படத்துக்குக் காதலில் தோற்றவர்கள் போவார்கள், தோற்காதவர்களும் தோற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போவார்கள். ராமராஜன் படத்துக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

புதுமுகம் என்பதும் அப்போது நிஜமாகவே புதுமுகம்தான். மதுரையில் வளையல் கடையில் இருந்த பாண்டியனைப் பார்த்து, 1983-ல் 'மண்வாசனை'க்கு நாயகனாக்கினார் பாரதிராஜா. அதே படத்தில்தான் ரேவதியும் அறிமுகம்.

மோகனை ஏன் 'மைக்' மோகன்னு சொல்றாங்க? அவரே பாடுவாரா?

பாட மாட்டார். ஆனால் படத்தில் பாடிக்கொண்டே இருப்பார். 'பயணங்கள் முடிவதில்லை' (1982), 'உதயகீதம்' (1985), 'இதயக்கோவில்' (1985) எல்லாவற்றிலும் அவர் பாடகர் வேடம்தான். கையில் மைக் இல்லாத மோகன் போஸ்டரைக் கண்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

சுவாரசியம் என்னவென்றால், பெரும்பாலான படங்களில் அவர் பேசுவதும் அவர் குரல் இல்லை. பேசியது எஸ்.என்.சுரேந்தர், பாடியது பெரும்பாலும் எஸ்.பி.பாலசுப்ரமணியம். முகம் ஒருவர், பேச்சு ஒருவர், பாட்டு ஒருவர். மூன்று பேர் சேர்ந்து ஒரு காதலனைச் செய்திருக்கிறார்கள், எங்கள் தெரு அக்காக்கள் அவரை ஒரே ஆளாக நம்பிக் காதலித்தார்கள். தையல் எங்கேயும் தெரியவில்லை என்பதுதான் அந்த மூவரின் திறமை.

மோகன் என்றால் சாதுவான காதலன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1984-ல் வந்த 'விதி'யில் ஒரு பெண்ணை ஏமாற்றிக் கைவிடுகிறவனாக நடித்தார். பூர்ணிமா அவரை நீதிமன்றத்துக்கு இழுப்பார், சுஜாதா வக்கீல். அந்தப் படத்தின் வசனக் கேசட் பாட்டுக் கேசட் மாதிரியே விற்றது. டீக்கடையில், கல்யாண வீட்டில், கோவில் நோன்பியில் குழாய் ஸ்பீக்கரில் முழு வழக்கும் ஓடும். இதைப் பற்றிக் கடைசியில் ஒரு விஷயம் சொல்கிறேன்.

அண்ணே, ஒரு படம் 175 நாள் ஓடுச்சுங்கறதெல்லாம் நெஜமா, சும்மா அளக்கறீங்களா?

நிஜம்தான். ஆனால் அதற்குப் படம் மட்டும் காரணமில்லை, பிரிண்ட் எண்ணிக்கையும் காரணம். இன்று ஒரு பெரிய நடிகரின் படம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் வருகிறது. அன்று ஒவ்வொரு பிரிண்ட்டும் காசு கொட்டிச் செய்யவேண்டிய பிலிம் சுருள். அதனால் சில டஜன் பிரிண்ட்டுகளோடு முதலில் சென்னை, மதுரை, கோவை மாதிரி நகரங்களில் போடுவார்கள். ஏ சென்டர் என்று பேர். அங்கே ஓய்ந்தபிறகு தாலுகா ஊர்கள், அதற்கப்புறம் கிராமத்துக் கொட்டகை. எங்கள் ஊருக்கு ஒரு படம் வந்து சேரும்போது அதன் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடமாகி, கதையும் பாதி தெரிந்திருக்கும்.

ஆக, இன்று மூன்று நாளில் பார்த்து முடிக்கிற கூட்டத்தை அன்று மூன்று மாதத்துக்குப் பரப்பி வைத்தார்கள். 'கரகாட்டக்காரன்' ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது இப்படித்தான், மதுரைப் பக்கத்து ஜனங்கள் திரும்பத் திரும்பப் போனார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் தில்லுமுல்லும் உண்டு. 80 நாள் தாண்டிய படத்தை வேறு படத்துக்கு வழிவிட்டு, பகல் காட்சி மட்டும் ஓட்டி, நூறாவது நாள் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். கேடயம் கொடுக்கும் விழாவில் அதையெல்லாம் யாரும் கிளறுவதில்லை.

டூரிங் டாக்கீஸ்னு பெருசா பேசறீங்க. அப்படி என்ன இருந்துச்சு அதுல?

வசதி ஒன்றுமே இல்லை. கீற்றுக் கூரை, பக்கங்கள் திறந்தபடி. வெளிச்சம் இருந்தால் திரை தெரியாது என்பதால் பொழுது சாய்ந்தபிறகுதான் காட்சி. தரை டிக்கெட், பெஞ்ச், சேர் என்று மூன்று வகுப்பு. தரை என்றால் மணல். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவோம். பின்னால் இருக்கிறவர் திட்டுவார், கொஞ்சம் கலைப்போம், அவர் படத்தில் மூழ்கியதும் மறுபடி குவிப்போம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு மண்சுவர். அம்மாவிடமிருந்து முறுக்குக்குக் காசு அந்தச் சுவர் வழியாகத்தான் வரும்.

ஒரு ரீல் ஆயிரம் அடி, சுமார் 11 நிமிடம் ஓடும். பெரிய தியேட்டர்களில் இரண்டு புரொஜெக்டர் இருக்கும், ஒன்று முடிந்ததும் மற்றது தொடங்கும். கொட்டகையில் ஒன்றுதான். அதனால் இரண்டு மூன்று ரீல்களை ஒட்டி ஓட்டிவிட்டு, விளக்கைப் போட்டு மாற்றுவார்கள். ஒரு படத்துக்கு நாலைந்து இடைவேளை. வில்லன் கத்தியை ஓங்கும்போது விளக்கு எரியும். அந்த ஐந்து நிமிடத்தில் நாயகி பிழைப்பாளா என்று மண்தரையில் பெரிய விவாதமே நடக்கும்.

படம் ஆரம்பிக்கப் போகிறது என்பதற்கு அடையாளம் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் 'விநாயகனே வினை தீர்ப்பவனே'. அந்தப் பாட்டு தோட்டத்து வீட்டில் எங்களுக்குக் கேட்கும். கேட்டதும் ஓட ஆரம்பித்தால் பேர் போடும்போது போய்ச் சேர்ந்துவிடலாம். இன்றைக்கும் கோவிலில் அந்தப் பாட்டு ஒலித்தால் எனக்கு பக்தி வருவதில்லை, கால் பரபரக்கிறது.

தீபாவளிக்கு ரஜினி படமும் கமல் படமும் ஒரே நாள்ல வருமாமே?

வரும், வருஷா வருஷம் வந்தது. 1983-ல் 'தங்கமகன்', 'தூங்காதே தம்பி தூங்காதே'. 1984-ல் 'நல்லவனுக்கு நல்லவன்', 'எனக்குள் ஒருவன்'. 1985-ல் 'படிக்காதவன்', 'ஜப்பானில் கல்யாணராமன்'. 1986-ல் 'மாவீரன்', 'புன்னகை மன்னன்'. 1987-ல் 'மனிதன்', 'நாயகன்'. இடையில் ஒரு வருஷம் விட்டு 1989-ல் 'மாப்பிள்ளை', 'வெற்றி விழா'. முதல் பெயர் ரஜினி, இரண்டாவது கமல்.

இப்போது அந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ரஜினி ஒரே தடத்தில் ஓடி அதை அகலமாக்கினார். ஏவி.எம். மாதிரி பெரிய நிறுவனம், எஸ்.பி.முத்துராமன் மாதிரி நம்பகமான இயக்குநர், குடும்பத்தோடு பார்க்கலாம் என்கிற உத்தரவாதம். கமல் ஒரு காலை அந்தத் தடத்திலேயே வைத்துக்கொண்டு மறுகாலை எங்கெங்கோ வைத்துப் பார்த்தார். 'சகலகலா வல்லவன்' வந்த 1982-லேயே 'மூன்றாம் பிறை'யும் செய்து தேசிய விருது வாங்கினார். 'நாயகன்' வந்த 1987-லேயே வசனமே இல்லாத 'பேசும் படம்' செய்தார்.

சண்டை எங்களுக்குள்தான். பள்ளியில் பெஞ்ச் பிரிந்தே உட்காருவோம். நான் எந்தப் பெஞ்ச் என்று கேட்காதீர்கள், இப்போதும் வீட்டில் பிரச்சினை வரும்.

ஹீரோ கதையே பேசறீங்க. ஹீரோயின்களைப் பத்தி ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்களே சித்தி மாதிரி ஆளுங்க கேட்டா என்ன சொல்வீங்க?

குற்றச்சாட்டு நியாயம். இத்தனைக்கும் ஸ்ரீதேவி, ராதிகா, ரேவதி, சுஹாசினி, அம்பிகா, ராதா, நதியா, ஊர்வசி, அமலா என்று இன்றைக்கும் நினைவிருக்கும் பெயர்கள் எத்தனை! சுஹாசினி திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு உதவியாளராக வேலை பார்த்தவர். 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யில் (1980) நடிக்க வந்து, ஐந்தே வருஷத்தில் 'சிந்து பைரவி'க்காகத் தேசிய விருது வாங்கினார். 'மூன்றாம் பிறை' ஸ்ரீதேவிக்கு அந்த விருது கிடைக்காதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நதியா விஷயம் தனி. 1985-ல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு வளையல், கம்மல், பொட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் நதியா பெயர் சேர்ந்தது. சித்தப்பா கடைக்குப் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரில் 'நதியா கம்மல் இங்கே கிடைக்கும்' என்று சாக்பீஸில் எழுதிப் போட்டார்கள். எழுதிக் கொடுத்தது நான்தான்.

மோகனுக்குச் சொன்ன குரல் கதை நாயகிகளுக்கும் பொருந்தும். 'முதல் மரியாதை'யில் ராதாவின் குயில் கதாபாத்திரத்துக்குப் பேசியது ராதிகா. அந்தக் குரல் இல்லாமல் அந்தப் படத்தை யோசிக்க முடிகிறதா?

சில்க் ஸ்மிதாவை எல்லோரும் கண்ணடித்துத்தான் நினைவுகூர்கிறார்கள். 'வண்டிச்சக்கரம்' (1980) படத்தில் வந்த கதாபாத்திரத்தின் பெயர்தான் அந்த 'சில்க்'. 'அலைகள் ஓய்வதில்லை'யில் (1981) நாயகியின் அண்ணியாக எவ்வளவு அடக்கமாக நடித்திருக்கிறார் என்று பாருங்கள். அப்படிப்பட்ட வேடங்களை அவருக்கு அதிகம் கொடுக்காமல் போனார்கள்.

'லப்பர் பந்து' பார்த்தேன். விஜயகாந்த் பாட்டுக்கு தியேட்டரே ஆடுது. அந்தக் காலத்துலயும் இப்படித்தானா?

'நீ பொட்டு வெச்ச தங்கக் குடம்' 1989-ல் 'பொன்மனச் செல்வன்' படத்தில் வந்த பாட்டு. 2024-ல் உன் வயசுப் பிள்ளைகள் அதற்கு எழுந்து ஆடுவார்கள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

அன்று விஜயகாந்த் நகரத்துப் பத்திரிகைகளுக்கு இரண்டாம் வரிசை, எங்கள் ஊருக்கு முதல் வரிசை. 1981-ல் 'சட்டம் ஒரு இருட்டறை' அவரைக் கவனிக்க வைத்தது. 1984-ல் மட்டும் அவர் நடித்து 18 படங்கள் வந்தன. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு படம். 1986-ல் திரைப்படக் கல்லூரிப் பையன்கள் 'ஊமை விழிகள்' கதையோடு வந்தபோது, வளர்ந்து நின்ற நடிகர் அவர்களை நம்பி டி.எஸ்.பி. தீனதயாளனாக நடித்தார். அதற்கப்புறம் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்களுக்குக் கோடம்பாக்கத்தில் கதவு அகலத் திறந்தது.

படப்பிடிப்பில் தனக்கு என்ன சாப்பாடோ அதுவே எல்லோருக்கும் என்று அவர் வைத்த வழக்கத்தைச் சொல்லாத திரைத் தொழிலாளி கிடையாது. 2023 டிசம்பர் 28 அன்று அவர் காலமானபோது அழுதவர்கள் பலரும் சினிமாவைவிட அந்த இலையைத்தான் பேசினார்கள்.

சத்யராஜ் மொதல்ல வில்லனாமே, அப்புறம் எப்படி ஹீரோ ஆனார்?

வில்லத்தனத்தையே ரசிக்க வைத்துத்தான். 1984-ல் 'நூறாவது நாள்' படத்தில் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகப் பயமுறுத்தினார். அதே ஆண்டு '24 மணி நேரம்' படத்தில் "என் கேரக்டரையே புரிஞ்சுக்க மாட்டேங்கறியே" என்று இழுத்தார், அடுத்த ஆண்டு 'காக்கிச் சட்டை'யில் "தகடு தகடு" என்றார். வில்லன் வசனத்துக்குக் கைதட்டு விழுந்தால் தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? 1986-ல் பாரதிராஜா அவரைக் 'கடலோரக் கவிதைகள்' சின்னப்பதாஸ் ஆக்கினார். டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ரவுடி. அதோடு அவர் நாயகன்.

எனக்கென்னவோ பாட்டு நல்லா இருந்ததாலதான் அந்தப் படமெல்லாம் நல்லாருக்குனு தோணுது. சரியா?

பாதி சரி. ஏன், முக்கால்வாசியே சரி. இளையராஜா 1976-ல் வந்தார். எண்பதுகளில் அவர் இசை இல்லாத வெற்றிப்படத்தைத் தேடவேண்டியிருக்கும், விஸ்வநாதன், சங்கர்-கணேஷ், டி.ராஜேந்தர் எல்லாம் நடுநடுவே இருந்தார்கள் என்றாலும். 1980-ல் 'நிழல்கள்' படத்தில் 'இது ஒரு பொன்மாலைப் பொழுது' எழுதி வைரமுத்து வந்தார். 1981-ல் கண்ணதாசன் மறைந்தார், 'மூன்றாம் பிறை'யின் 'கண்ணே கலைமானே' அவர் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு. 1985 வாக்கில் சித்ரா வந்தார். 'நிழல்கள்' ஓடவில்லை. ஆனால் அதன் பாட்டு ஓடாத வீடு இல்லை. படத்தைப் பார்க்காமலேயே "ஆகா, என்ன படம்" என்று சொல்கிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

கடையில் நடப்பதைச் சொன்னால் புரியும். நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, சின்னச் சின்னப் பாட்டாக இருந்தால் ஏழு. இப்படிப் பதிவதெல்லாம் சட்டப்படி சரியா என்று அன்று யாரும் கேட்கவில்லை. ஆறு பாட்டு போக மிச்சமிருக்கும் இரண்டரை நிமிடத்தை வெறுமையாக விட சித்தப்பாவுக்கு மனசு வராது, ஏழாவதையும் ஏற்றிவிடுவார். எங்கள் வீட்டுக் கேசட்டில் 'இளைய நிலா பொழிகிறது' இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அறுந்துபோகும். இன்று அந்தப் பாட்டு முழுதாகக் கையில் இருக்கிறது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் காது தானாக 'டக்' என்ற சத்தத்துக்குக் காத்திருக்கிறது.

வீட்ல டிவி இருந்துச்சா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் ஒரு படம், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் இலங்கை வானொலி. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரல்கள் எங்களுக்கு உள்ளூர் வாத்தியார் குரலைவிடப் பழக்கம். எண்பதுகளின் பின்பாதியில் வீடியோ டெக் வாடகைக்கு வந்தது. சடங்கு, காதுகுத்து என்றால் ராத்திரி முழுக்க மூன்று படம். மூன்றாவது படத்தின் முடிவு யாருக்கும் தெரியாது, தூங்கிவிடுவோம்.

எல்லாம் இந்திப் படத்துக் காப்பிதானே சார்?

ரீமேக் நிறைய உண்டு, ஒளித்துச் செய்யவில்லை. 'பில்லா' இந்தி 'டான்' படத்திலிருந்து, 'தில்லு முல்லு' 'கோல்மால்' படத்திலிருந்து, 'மிஸ்டர் பாரத்' 'திரிசூல்' படத்திலிருந்து, 'மாவீரன்' 'மர்த்' படத்திலிருந்து. 'கோல்மால்' தவிர மற்றவற்றில் அமிதாப் அங்கே செய்ததை ரஜினி இங்கே தன் சட்டைக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டார்.

ஆனால் சரக்கு அந்தப் பக்கமும் போனது. 'மூன்றாம் பிறை' 'சத்மா' ஆனது. 'அந்த 7 நாட்கள்' 'வோ சாத் தின்' ஆனது. 'முந்தானை முடிச்சு' 'மாஸ்டர்ஜி' ஆனது. ஆண்மைக்கு நல்லது என்று அந்தப் படம் கிண்டலாகக் காட்டிய முருங்கைக்காய் அங்கே எப்படி எடுபட்டது என்பதை இந்திக்காரர்களைத்தான் கேட்கவேண்டும். இங்கே 1983-க்கு அப்புறம் சந்தையில் அதை வாங்கும்போது ஆண்கள் யாரும் சிரிக்காமல் வாங்கியதில்லை.

அந்தக் காலத்துல எல்லாப் படமும் நல்ல படம், இப்போதான் குப்பைன்னு அப்பா சொல்றார். அப்படியா?

அப்பாவிடம் ஒன்று கேள். விஜயகாந்தின் 18 படங்களைப் பற்றி மேலே சொன்னேனே, அந்த 1984 பட்டியலில் அவரால் எத்தனை பேர் சொல்ல முடிகிறது? 'வைதேகி காத்திருந்தாள்' சொல்வார், 'நூறாவது நாள்' சொல்வார். அப்புறம் விட்டத்தைப் பார்ப்பார். மிச்சமெல்லாம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. நாற்பது வருஷம் சலித்து மேலே நின்றதை வைத்துக்கொண்டு, இந்த வாரம் வந்த சலிக்காத மூட்டையோடு ஒப்பிடுகிறோம்.

பழைய படம் போட்டா சில சீன் ரொம்ப நெருடுதே மாமா. அதையெல்லாம் எப்படி ரசிச்சீங்க?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 'சகலகலா வல்லவன்' படத்தில் நாயகனின் தங்கையைக் கெடுத்தவனுக்கே அவளைக் கட்டிவைப்பதுதான் தீர்வு. திமிர் பிடித்த நாயகியை ஏமாற்றிக் கல்யாணம் செய்து அடக்குவது வீரம். கொட்டகையே கைதட்டியது, நானும் தட்டினேன். புத்தாண்டு பிறக்கும்போதெல்லாம் ஒலிக்கும் 'இளமை இதோ இதோ' அந்தப் படத்துப் பாட்டுதான். பாட்டு மட்டும் போதும் என்று நாம் எடுத்துக்கொண்டது ஒருவிதத்தில் நல்லதே. கவுண்டமணி-செந்தில் நகைச்சுவையிலும் நிறத்தையும் உருவத்தையும் வைத்து அடித்த அடி அதிகம். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழத்துக்கு இன்றும் சிரிக்கிறேன், "பன்னி" என்று விளிக்கும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன்.

அதே காலத்தில் வேறு மாதிரியும் படம் வந்தது. 'மௌன ராகம்' (1986) ரேவதி பிடிக்காத கல்யாணத்தில் தன் வெறுப்பை மறைக்காமல் விவாகரத்து கேட்கிறாள், படம் அவளைக் கெட்டவள் என்று சொல்லவில்லை. காலம் அப்படி என்று எல்லாவற்றையும் காலத்தின் தலையில் போட முடியாது.

டிவியிலயும் நெட்லயும் போடறது ஏன் சிவப்பா, கோடு கோடா இருக்கு?

பல படங்களுக்கு மூல நெகட்டிவைக் குளிர்ந்த அறையில் வைத்துப் பாதுகாக்கவில்லை. கிடைப்பது ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்ட். கலர் பிலிமில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், செம்மை மிஞ்சும். அதிலிருந்து டேப்புக்கு மாற்றி, டேப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வருவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். நன்றாகப் புதுப்பித்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2023-ல் மறுபடி திரையிட்ட 'நாயகன்' சாட்சி. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் இருட்டில் ஒளித்து வைத்ததெல்லாம் தெரிந்தது.

வீட்ல பத்து வயசுப் பையன் இருக்கான். எந்தப் படத்துல ஆரம்பிக்கலாம்?

'தில்லு முல்லு'. மீசை இருக்கிற ரஜினி, இல்லாத ரஜினி, தேங்காய் சீனிவாசன். இது பிடிக்காத குழந்தையை நான் பார்த்ததில்லை. அடுத்து 'அபூர்வ சகோதரர்கள்', குள்ள அப்புவை எப்படி எடுத்தார்கள் என்று அவனே தேடுவான். தமிழ் அவ்வளவாக வராத வெளிநாட்டுப் பிள்ளை என்றால் 'பேசும் படம்'. 'சம்சாரம் அது மின்சாரம்' வேண்டாம், அது மாமியார்-மருமகள் கண்டவர்களுக்கு. 'மூன்றாம் பிறை'யைப் பதினைந்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், ரயில் நிலையக் காட்சிக்குப் பக்கத்தில் இருங்கள்.

அந்த நடிகர்கள் எல்லாம் வருஷா வருஷம் சந்திக்கிறாங்களாமே?

ஏறக்குறைய ஆமாம், நடுவில் விட்டுப்போன வருஷங்களும் உண்டு. நடிகைகள் சுஹாசினியும் லிஸியும் 2009-ல் தொடங்கியது. தென்னிந்திய நடிகர், நடிகைகள் சேர்ந்து, எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படம் வந்த அன்று எங்கள் குடும்பக் குழுவில் யார் யார் என்று கண்டுபிடிக்கும் போட்டி நடக்கும். எங்கள் அம்மாதான் எப்போதும் ஜெயிப்பார்.

உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்குப் பிடிச்சது அந்தப் படங்களா, இல்ல அந்த வயசா?

கேட்டது என் மகள். 'விதி' பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அவளுக்கான பதில் அதுதான். அந்தப் படத்தை நான் சின்ன வயதில் பார்க்கவே இல்லை. எங்கள் கொட்டகைக்கு வந்தபோது எனக்கு அம்மை. ஆனால் கடையில் ஓடிய வசனக் கேசட்டால் வழக்கு முழுக்க மனப்பாடம். சுஜாதா எங்கே நிறுத்துவார், பூர்ணிமா எங்கே விம்முவார், எல்லாம் தெரியும். மோகனைப் பார்க்காமல் சுரேந்தரை மட்டும் கேட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். குரலுக்கு ஏற்ற நீதிமன்றத்தை நானே கட்டிக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கூட ஹால், மேடையில் நீதிபதி, ஜன்னல் வழியே புளியமரம். கூண்டு நிற்கும் இடத்தில் தலைமையாசிரியரின் மேஜை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைநாளில் படத்தை முழுதாகப் பார்த்தேன். நீதிமன்றம் சரியாகத்தான் இருந்தது, நடித்தவர்களும் நன்றாகத்தான் நடித்தார்கள். பாதியில் எழுந்து காபி போடப் போனேன். அடுப்படியிலிருந்து வசனம் மட்டும் கேட்டது. புளியமரம் திரும்ப வந்துவிட்டது. காபி கொதித்து வழிந்தபிறகும் அங்கேயே நின்று மீதி வழக்கைக் கேட்டேன்.